ஒன்பது பேரிடமும் கேட்டிருக்கலாம்

தவறு தொடங்கிய நேரம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். பிப்ரவரி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு பத்து. நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில் எங்கள் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், கதவைச் சாத்திக்கொண்டு வீடியோ அழைப்பில் உட்கார்ந்திருந்தேன். திரையில் ஹெச்.ஆர். அம்மையார். உங்கள் குழுவில் இரண்டு பேரைக் குறைக்க வேண்டியிருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் ஒவ்வொருவருக்குமான மதிப்பெண் தாளை நிரப்பி அனுப்புங்கள், நாங்கள் சொல்லும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்றார். நான் சரி என்றேன். திரையின் மூலையில் ஓடிக்கொண்டிருந்த மணியைப் பார்த்தபடியேதான் அதைச் சொன்னேன். அதனால்தான் நேரம் மறக்கவில்லை.

எங்கள் நிறுவனம் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதுவது. எழுதியதைச் சோதித்துப் பார்க்கும் குழுவுக்கு நான் மேனேஜர்; எனக்குக் கீழே ஒன்பது பேர். இங்கிலாந்திலும் எங்களுக்கு ஒரு கிளை உண்டு. அங்கேயும் அதே சமயத்தில் ஆட்குறைப்பு. ஆனால் அங்கே இப்படிச் செய்ய முடியாது என்று அந்த அம்மையார் விளக்கினார். அந்த ஊர்ச் சட்டப்படி இருபது பேரையோ அதற்கு மேலோ எடுப்பதாக இருந்தால், முடிவு செய்வதற்கு முன்பே, ஊழியர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஏன் குறைக்கிறீர்கள், எப்படித் தேர்வு செய்கிறீர்கள், வேறு வழி இல்லையா என்று அவர்கள் கேட்பார்கள். நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. நியூ ஜெர்சியில் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தொட்டால் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். நாம் அதற்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்திக்கொண்டோம் என்றார். சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார்.

எனக்கு அப்போது வந்தது நிம்மதி. அதை எழுத இப்போதும் கை கூசுகிறது. ஒன்பது பேரையும் உட்கார வைத்து, அவர்கள் முகத்தைப் பார்த்து இதைப் பேச வேண்டியதில்லை. ஒரு தாளை நிரப்பினால் போதும்.

என் பயத்துக்கும் காரணம் இருந்தது. பதினாறு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன், இன்னும் கிரீன் கார்டு வரிசையில்தான். மகள் மதுரையில் பிறந்தவள். கைக்குழந்தையாக இங்கே வந்தாள். பள்ளியின் கடைசி வருடம். அவளும் அவள் அப்பாவும் இங்கே இருப்பது என் விசாவில். வேலை போன நாளிலிருந்து அறுபது நாள். அதற்குள் இன்னொரு கம்பெனி எடுத்துக்கொள்ளாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். மூன்றாவது பெயர் என்னுடையதாக இருந்துவிட்டால் என்ற எண்ணம்தான் அந்த வாரம் முழுக்க. ஆனால் அதே அறுபது நாள் கணக்கு என் குழுவில் இன்னொருத்திக்கும் உண்டு என்பதும் எனக்குத் தெரியும்.

அவள் ஈரோட்டுப் பக்கம். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள், எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிடத் தொலைவில் அபார்ட்மெண்டில் இருந்தாள். கணவன் அவள் விசாவில் வந்து நியூவர்க் நகரில் முதுகலை படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் ஒரே கார். அதை அவன் எடுத்துப்போவான். அவளுக்கு லைசென்ஸ் இருந்தும் ஃப்ரீவே என்றால் நடுக்கம். அதனால் தினமும் காலையில் என் காரில்தான் வருவாள். அவளுடைய மூன்று வயதுப் பெண்ணுக்கான கார் சீட்டை என் பின் இருக்கையில் நிரந்தரமாகவே பொருத்திவிட்டோம். அலுவலகத்துக்குப் பக்கத்து டேகேரில் குழந்தையை இறக்கிவிட்டு நாங்கள் இருவரும் மேலே போவோம். மதியம் சேர்ந்து சாப்பிடுவோம். காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு மேனேஜர் எங்களைப் பார்க்கும்போதெல்லாம், இதோ தமிழ் கிளப் வந்துவிட்டது என்பார். நாங்களும் சிரிப்போம்.

மதிப்பெண் தாளை நிரப்ப உட்கார்ந்தபோது எனக்கு அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வந்தது. அவளுக்கு நியாயமாக ஐந்துக்கு நான்கு. போட்டும்விட்டேன். அப்புறம் யோசித்தேன். பட்டியலை மேலே இருப்பவர்கள் பார்ப்பார்கள். ஒரே காரில் வருகிறார்கள், ஒரே மொழி பேசுகிறார்கள், தன் ஆளைக் காப்பாற்றிக்கொண்டாள் என்று சொல்லமாட்டார்களா? நான்கை அழித்து மூன்று போட்டேன். வேறு யாருடைய மதிப்பெண்ணையும் நான் தொடவில்லை. அவளுடையதை மட்டும். நம்மவள்தானே, பின்னால் எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வாள் என்றுகூட மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். புரிந்துகொள்ள வேண்டிய பொறுப்பையும் அவள் தலையிலேயே வைத்திருக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை தாளை அனுப்பினேன். திங்கட்கிழமை பதில் வந்தது: இரண்டு பெயர், அதில் ஒன்று அவள்.

பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் அவளை என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வண்டி ஓட்டினேன்.

விஷயம் முழுதாக மூடியும் இருக்கவில்லை. இங்கிலாந்துக் கிளையில் அறிவிப்பு வெளியாகிவிட்டது. அங்கே எனக்குச் சமமான பொறுப்பில் இருந்த பெண்ணோடு வாரம் ஒருமுறை எனக்கு அழைப்பு உண்டு. அவளையே அங்கே பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். உற்சாகமும் களைப்புமாகப் பேசினாள். கூட்டத்தில் வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்டோம், தாமாகவே போக விரும்புகிறவர்கள் உண்டா என்று முதலில் விசாரிக்கச் சொன்னோம், ஒருவர் எழுந்து என்னை எப்போது விடுவீர்கள் என்றுதான் காத்திருந்தேன் என்றாராம், அவர் பெயர் பட்டியலிலேயே இல்லையாம். உன் ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்று என்னைக் கேட்டாள். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். பொய்யில்லை. கேட்டால்தானே சொல்வார்கள்.

அந்தச் செய்தி எங்கள் மாடிக்கும் கசிந்தது. மறுநாள் காலை, டூ எய்ட்டி செவன் நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தபோது, அவள் கேட்டாள்.

“ஏனுங்க்கா, இங்கிலாந்து ஆபீஸ்ல லே ஆஃப் பத்தி மீட்டிங் போட்டுப் பேசறாங்களாமா. நமக்கும் எதாச்சும் இருக்குமா?”

“அது அவங்க ஊரு. இங்க ஒண்ணும் இல்ல. நீ பேசாம வேலையப் பாரு.”

“அதுக்கில்லீங்க்கா. ஹூஸ்டன்ல ஒரு கம்பெனிலருந்து ரெக்ரூட்டர் கூப்பிட்டாங்க. அடுத்த வாரம் இன்டர்வியூ அட்டெண்ட் பண்ண முடியுமான்னு கேக்கறாங்க. போலாங்களா, வேண்டாங்களா? நீங்க சொல்லுங்க.”

கடைசி இரண்டு சொற்களை அவள் எப்போதும் சொல்வாள். எந்த டாக்டர், எந்த டேகேர், எந்தக் கடையில் வெல்லம் நன்றாக இருக்கும், எல்லாவற்றுக்கும் நீங்க சொல்லுங்க. போ என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் ஏன் திடீரென்று போகச் சொல்கிறாள் என்று அவள் யோசிப்பாள். யோசித்தால் யாரிடமாவது சொல்வாள். அது என்னிடம் வந்து நிற்கும்.

“இப்ப எதுக்குடி? குழந்தை சின்னது. அவரு படிப்ப முடிக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.”

சரிங்க்கா என்றாள். அன்று மதியமே அந்த ரெக்ரூட்டருக்கு வரவில்லை என்று எழுதிவிட்டதாக, எனக்கு நன்றி சொல்வதுபோல, வந்து சொன்னாள்.

பெயர்களை அறிவிக்கக் குறித்திருந்த வியாழக்கிழமை வந்தது. காலையில் வழக்கம்போல அவர்கள் அபார்ட்மெண்ட் வாசலில் நின்றேன். குழந்தையை அரைத்தூக்கத்தில் தூக்கிவந்து சீட்டில் உட்கார வைத்து பெல்ட் மாட்டினாள். சாப்பாட்டுப் பையைச் சீட்டுக்குக் கீழே வைத்தாள். “இன்னைக்குப் புளி சோறு. நம்ம ரெண்டு பேத்துக்கும் சேத்தியே கட்டிட்டனுங்க்கா” என்றாள். நான் கண்ணாடியைச் சரிசெய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

டேகேரில் குழந்தை அழுது தாமதமானதில் பையைக் காரிலேயே விட்டுவிட்டு மேலே ஓடினோம். ஒன்பதே முக்காலுக்கு அவளுக்கு அழைப்பு. நான் அந்த அறையில் இருக்க வேண்டும். ஆனால் முதல் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசக் கூடாது. ஹெச்.ஆர். எழுதிக்கொடுத்ததைப் படித்தேன். ஆங்கிலத்தில் அவளோடு நான் அதுவரை அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், நான் ஏதோ தமிழில் சொல்லி முடித்துவைப்பேன் என்று எதிர்பார்ப்பதுபோல. நான் காகிதத்தை மடித்தேன். மிச்சத்தைத் திரையில் இருந்த அம்மையார் சொன்னார்.

பத்தரைக்கு லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். பாதிக்கப்பட்டவர்களோடு அன்று தனியாகப் பேச வேண்டாம் என்று எங்களுக்கு உத்தரவு. காலையில் அவளைக் கூட்டிவந்தவள் நான். திரும்பக் கூட்டிப்போகவும் நான்தான் இருந்தேன். அது யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. தோன்றியும் என் இடத்துக்குத் திரும்பிவிட்டேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்க்கிங்கில், கையில் ஒரு அட்டைப் பெட்டியோடு, என் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். வேறு எங்கே போய் நிற்பது என்று தெரிந்திருக்காது. உள்ளே அவள் குழந்தையின் சீட்டும் இரண்டு பேருக்குக் கட்டிய சாப்பாடும் இருந்தன. கார் பூட்டியிருந்தது, சாவி என் பையில். அவள் எனக்கு போன் செய்யவில்லை. ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஜன்னலைவிட்டுப் பின்னால் நகர்ந்துவிட்டேன்.

எங்கள் குழுவின் மூத்தவர் கீழே போனார். அமெரிக்கர், அறுபதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். பெட்டியை வாங்கித் தன் வண்டியில் வைத்து அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டார். டேகேரிலிருந்து குழந்தையை மாலையில் அவள் கணவன் அழைத்துக்கொண்டான். மூத்தவர் மதியத்துக்கு மேல் திரும்பி வந்தார். என் மேசை அருகே நின்று, குரலை உயர்த்தாமல், நான் போயிருப்பேனே என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். மனைவி இரண்டு வருடமாகக் கரோலினாவுக்குப் போய்விடலாம் என்கிறாள். ஓய்வு பெற நாள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கிறிஸ்துமஸ் விருந்தில் உன்னிடமே சொன்னேன். இரண்டு பேர் போக வேண்டும் என்று ஒருமுறை எங்களைக் கூட்டிச் சொல்லியிருந்தால் அங்கேயே கையைத் தூக்கியிருப்பேன். அவ்வளவுதான் சொன்னார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கிறிஸ்துமஸ் விருந்தில் சொன்னது நினைவிருந்தது. தாளை நிரப்பும்போது நினைவு வரவில்லை. அந்தத் தாளில், யார் போக விரும்புகிறார்கள் என்று எழுத ஒரு கட்டமே இல்லை.

உடனே ஹெச்.ஆர். அம்மையாரை அழைத்தேன். வேலையில் சேர்ந்ததிலிருந்து அவரிடம் நானாக ஒன்று கேட்டது அதுதான் முதல்முறை. அவர் போகத் தயார், அவளைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்றேன். பட்டியல் முடிந்துவிட்டது, இப்போது ஆளை மாற்றினால் சட்டச் சிக்கல் என்றார். அப்புறம் உண்மையான வருத்தத்தோடு, முன்பே தெரிந்திருந்தால் செய்திருக்கலாம் என்றார். முன்பே தெரிந்துகொள்ள என்ன வழி என்று நான் கேட்கவில்லை. வழி அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தச் செவ்வாய்க்கிழமை இருவரும் அதைத்தான் தொல்லை என்று ஒதுக்கிவைத்தோம்.

அன்று மாலை தனியாக வீட்டுக்கு ஓட்டி வந்தேன். கார் முழுக்கப் புளி சோற்று வாசனை. டப்பாவைத் திறக்கத் தைரியமில்லை. மறுநாள்தான் திறந்து, கொட்டி, கழுவி, சமையலறை அலமாரியில் கண்ணில் படாத தட்டில் வைத்தேன். ஐந்து நிமிடத் தொலைவு. போய்க் கொடுத்திருக்கலாம். கார் சீட்டையும் கழற்றிக் கொண்டுபோய் வைத்திருக்கலாம். சீட் என்னிடம் இருக்கிறது என்று மட்டும் ஒரு செய்தி அனுப்பினேன். இருக்கட்டுங்க்கா என்று பதில் வந்தது. அந்த ஒரு சொல்லை எத்தனை முறை எடுத்துப் பார்த்தேன் என்று தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளைக் கடைக்கு அழைத்துப்போனேன். பின்னால் திரும்பிச் சீட்டைப் பார்த்தாள். அந்தக் குழந்தை இவளிடம் ஒட்டுதலாக இருக்கும்.

“அம்மா, டிட் யூ நோ? பிஃபோர்?”

“இல்லடா. எனக்கும் அன்னைக்குத்தான் சொன்னாங்க.”

ஓகே என்றாள். நம்பிவிட்டாள். அவளுக்காகத்தான் இவ்வளவும் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவளிடமே பொய் சொன்ன பிறகு அந்தச் சமாதானமும் கைவிட்டுப்போனது.

நாட்களை எண்ண ஆரம்பித்தேன். என் அறுபது நாள் இல்லை, அவளுடையது. இருபது, இருபத்தைந்து. மூத்தவர் வழியாகத்தான் செய்தி வரும். ஹூஸ்டன் கம்பெனிக்கு மறுபடி எழுதினாளாம், அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம். எனக்குத் தெரிந்த நான்கைந்து இடத்துக்கு நானும் அவளை எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதினேன். ஒன்றும் நடக்கவில்லை. முப்பத்தாறாம் நாள் அவர்கள் சோபாவை விற்பனைக்குப் போட்டிருப்பதை, எங்கள் ஊர்த் தமிழர்கள் இருக்கும் வாட்ஸ்ஆப் குழுவில் பார்த்தேன். படத்தில் சோபாவின் கைப்பிடியில் குழந்தையின் குல்லாய் கிடந்தது. அன்று வேலையில் இருந்தபடியே கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இங்கிலாந்துப் பெண் அந்த வாரம் அழைத்தாள். பேச்சு முடிந்தது, முதலில் சொன்னதைவிடக் குறைவானவர்களே போகிறார்கள், அதிலும் பலர் தாமாகக் கேட்டுப் போகிறவர்கள் என்றாள். எல்லோரும் சந்தோஷமாக இல்லை, ஆனால் ஏன் என்று எல்லோருக்கும் தெரியும் என்றாள். நல்லது என்றேன்.

ஐம்பத்தோராம் நாள், சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வாசல் மணி அடித்தது. மகள்தான் திறந்தாள். ஆன்ட்டி இஸ் ஹியர் என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். ஈரக்கையோடு வந்தேன். தெருவில் அவர்கள் கார் நின்றது. உள்ளே யாரும் இல்லை.

“தனியாவா வந்த?”

“ஆமாங்க்கா. இப்ப ஃப்ரீவேலயும் நானேதான் ஓட்டறேன். சீட்ட எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

காபி போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். கராஜுக்குப் போனோம். மகளும் பின்னால் வந்தாள். சீட்டை எடுக்க வந்தவள் என் காருக்குள் தலையை விட்டு அதன் கொக்கியைத் தேடிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். அதே ஹூஸ்டன் கம்பெனி, வேறு இடம், விசா மாற்றத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள். ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் வீடு பார்த்திருக்கிறார்கள், கோயில் பக்கம். கணவன் அங்கே வேறு கல்லூரிக்கு மாற வேண்டும். இரண்டு பாடம் வீண்.

அவளைப் பாராட்டியிருக்க வேண்டும். வாயில் வந்தது வேறு. எனக்கு மூணு வாரம் முன்னாடியே தெரியும் என்றேன். நான்கை மூன்றாக்கியதைச் சொன்னேன். நம்ம ஆளுன்னு சொல்லிடுவாங்களோன்னு பயந்து என்றேன். இன்டர்வியூவுக்குப் போக வேண்டாம் என்று சொன்னபோதே தெரியும் என்பதையும் சொன்னேன். மகள் கராஜ் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் நான் திரும்பவில்லை.

காருக்குள் குனிந்திருந்தவள் கொக்கியைக் கழற்றி முடித்தாள். சீட்டை இழுத்து வெளியே எடுத்தாள். அதன் அடியில் பிஸ்கட் தூள் கொட்டிக் கிடந்தது. கையால் தட்டிவிட்டாள்.

“தெரியுங்க்கா. அன்னைக்கு ஜன்னல்ல பாத்தேன் உங்கள. எங்கிட்டத் தனியாச் சொல்லலைன்னு எனக்கு வருத்தமில்ல. சொன்னா உங்க வேலை போயிருக்கும், உங்க பொண்ணு பாடு என்ன ஆவறது. எங்க ஒம்பது பேத்தையும் உக்கார வெச்சுக் கேட்டிருக்கலாமுங்க்கா. மேல கேட்டுப் பாக்கறேன்னாச்சும் சொல்லியிருக்கலாம். நீங்க கேக்கவே இல்லைன்னு என்னைய வீட்டுல கொண்டாந்து விட்ட பெரியவரு சொன்னாரு.”

நான் சீட்டின் ஒரு பக்கத்தைத் தூக்கக் கை நீட்டினேன்.

“விடுங்க்கா, நான் கொண்டுபோறேன்” என்றாள். இரண்டடி போய்த் திரும்பினாள். “அந்த டப்பா உங்ககிட்டத்தான் இருக்குதுங்களா? குடுங்க. அங்க மொத நாளே வேணும்.”